கடைசியா எந்தப் பேரு பாத்தீங்க?

அன்று மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். முதலாளி, நான், அலுவலகத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். வரவேண்டிய லியோங் வரவில்லை. நாங்கள் செய்கிற போன் செயலிகளின் தோற்றத்தை வரைகிறவன் அவன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான். தோட்டத்துக் குடியிருப்புக் குழுத் தலைவரும் வரவில்லை. அவருக்குத் தைப்பிங்கில் நில அலுவலகத்தில் வேலை இருந்தது. அன்று சோதித்த செயலியைத் திறந்து பார்க்கப்போகிற நூற்று நாற்பது குடும்பங்களில் ஒருவர்கூட அறையில் இல்லை. என் அப்பா அந்த நூற்று நாற்பதில் ஒருவர். அவருக்கும் சேர்த்துத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வேலை இதுதான். சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறிவிட்டது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனையும் போய் இப்போது வீடமைப்பு. பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு அங்கேயே வீடு என்று வருடக்கணக்காகப் பேசி, ஒருவழியாகப் பட்டியல் தயாராகியிருந்தது. முன்பெல்லாம் பலகையில் ஒட்டிய பட்டியல்களில் யாரோ பெயரை அடிப்பதும் யாரோ எழுதிச் சேர்ப்பதுமாகச் சண்டை வந்ததால், இந்த முறை எல்லாம் போனில் என்று குழு முடிவெடுத்தது. செயலியைத் திறக்கவேண்டும். தன் பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்திலுள்ள 'உறுதி' என்ற பொத்தானை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அமுத்தவேண்டும். அமுத்தியவர்கள் சாவி கிடைக்கும்வரை பழைய லயத்து வரிசை வீட்டிலேயே இருக்கலாம். அமுத்தாதவர்களுக்கு வீடு வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

லியோங் இல்லாததால் பட்டியலை எப்படிக் காட்டுவது என்பதை நானே முடிவு செய்திருந்தேன். குழுவில் பதிந்த வரிசைப்படி ஒரே நீளப் பட்டியல். கட்டைவிரலால் தள்ளத் தள்ளப் பெயர்கள் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு எல்லாச் செயலியும் அப்படித்தான். பட்டியல் வரும்போது நடுவில் ஒரு வளையம் சுற்றுமே, அது அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டேன். பெருமையாகப் போனை அக்காவிடம் நீட்டினேன்.

"நூத்தி நாப்பது பேரும் ஒரே நீளமாவா?" என்றார்.

"தள்ளிக்கிட்டே போனா வந்துக்கிட்டே இருக்கும் அக்கா."

"அதான் தம்பி கேக்குறேன். எப்ப நிறுத்துறது?"

"உங்க பேரு வந்ததும்."

"வரலன்னா?"

முதலாளி சிரித்துவிட்டார். "அக்கா, இந்தக் காலத்துல யாரு லா பக்கம் பக்கமா திருப்புறா? ஆப் என்ன பள்ளிக்கூடத்து நோட்டா?"

அக்கா சிரிக்கவில்லை. சோதித்துப் பார்த்தவர் கருத்து எழுதும் தாளில், நான் நாலு வரி இடம் விட்டிருந்த கட்டத்தில், பட்டியலின் முடிவைப் பற்றி இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தார். 'அடி தெரியவில்லை.'

அக்காவின் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் சொல்லத் தோன்றவில்லை. ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே போன் எடுப்பது, பில் போடுவது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர்தான். நாங்கள் செய்கிற செயலிகளைச் சோதித்துப் பார்ப்பதும் அவர் தலையில் விழுந்தது. அவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்று முதலாளி ஒருநாள் அவர் காதில் விழவே சொன்னார். அக்கா அதை மனதில் வைத்துக்கொண்டு ரொம்ப நாள், வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், "நான்தான் இங்க மக்கு டெஸ்ட்டர்" என்று அறிமுகம் செய்துகொண்டார். முதலாளிக்கு முகம் வாடிப்போகும்.

அவருக்கு எதற்கும் ஒரு முடிவு தெரியவேண்டும். கிளினிக்குக்குப் போனால் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கமாட்டார், "கடைசி ஆளு யாரு?" என்று கேட்டு, அந்த ஆளின் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் உட்காருவார். தொலைக்காட்சித் தொடர் எதையாவது நாங்கள் பேசினால், மொத்தம் எத்தனை வாரம் என்பார். தெரியாது என்றால் அந்தத் தொடர் அவருக்கு வேண்டாம். கீழே பாய் கடையில் வாழையிலைச் சாப்பாடு. சோறும் குழம்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். எங்களுக்கு அது சொர்க்கம். அக்கா உட்கார்ந்ததுமே, "பாய், எனக்கு ரெண்டு தடவ சோறு, மூணு கரண்டி குழம்பு. அதுக்கு மேல நானே கேட்டாலும் போடாதீங்க" என்பார்.

"அக்காவுக்கு இலையிலயும் பக்கம் நம்பர் போட்டுக் குடுத்திரவா?" என்பார் பாய்.

"போடுங்க. நீங்க பில்லுல போடுற நம்பர விட அது சின்னதாத்தான் இருக்கும்."

ஒருமுறை என் போனில் ஓடும் குட்டி வீடியோக்களைக் காட்டினேன். ஏழு பார்த்தார். ஏழுக்கும் சிரித்தார். எட்டாவது தானாக வந்ததும் முகம் மாறியது.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு அக்கா."

"நூறு?"

"ஆயிரம் வேணாலும் வரும்."

"அப்ப எனக்கு வேணாம், எடு." சூடான பாத்திரத்தைத் தள்ளுவதுபோல் போனை என் பக்கம் தள்ளினார். பிறகு அவராகவே சொன்னார்: "நான் எலக்ட்ரானிக் பெக்டரில எட்டு வருஷம் ஓடுற பெல்ட்டுல நின்னவ தம்பி. போர்டு வந்துக்கிட்டே இருக்கும். ஒண்ண முடிச்சி நிமிந்தா அடுத்தது மூஞ்சிக்கு முன்னால நிக்கும். எட்டு வருஷத்துல ஒரு நாளு கூட, இதான் கடைசி போர்டுன்னு ஒண்ணு என் கைக்கு வந்ததில்ல." அவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அதற்காக அக்கா சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுத வரவில்லை. பிறகு ஒரு கோயில் திருவிழாவுக்குப் படங்கள் போடும் செயலி செய்தோம். அதிலும் பக்கம் வேண்டும் என்று அடம்பிடித்தார். லியோங்கும் நானும் மசியவில்லை. தள்ளிக்கொண்டே போகும்படிதான் வைத்தோம். மறுநாள் பார்த்தால், அரை மணி நேரமாக அக்கா மேசையில் சாய்ந்து தள்ளிக்கொண்டே இருக்கிறார். "என்னக்கா, அடி வந்துச்சா?" என்றேன். "சும்மா இரு லா. காவடி பாக்குறேன்ல?"

வேலைக்குச் சேரும்போதே மூன்று வருடம்தான் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். மூன்று வருடம் முடிந்த அன்று அக்கா தன் கோப்பையைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று முதலாளி படிவரைக்கும் பின்னாலேயே போனார். இப்போது தைப்பிங்கில் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கிறாராம். ஐம்பது பொட்டலம். ஐம்பதாவது விற்றதும், ஆள் வரிசையில் நின்றாலும், மேசையை மடக்கிவிடுகிறாராம்.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு வாரம்தான் முன்னால் வருகிறது.

திங்கட்கிழமை செயலியை வெளியிட்டோம். செவ்வாய் காலை அப்பாவுக்குப் போன் செய்தேன். தோட்டம் விற்றபிறகு அப்பா ஒரு கிடங்கில் ஜாகா வேலை பார்க்கிறார். வாசல் கேட்டுக்குக் காவல். "ஆப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன். "பாத்தேன் பாத்தேன். நல்லா இருக்கு" என்றார். வேறென்ன கேட்கவேண்டும்? எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன். நான் செய்த செயலியில் என் அப்பா தன் பெயரைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

புதன்கிழமையிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வரத் தொடங்கியது. பெயர் இல்லையே என்று கேட்டார்கள். சிலர் கேட்கக்கூட இல்லை. பெயர் இல்லை என்று எங்களுக்குத் தகவல் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைக்கப்பார்த்தார்கள். நான் எடுத்திருந்தால் மறுபடி திறந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அக்காதான் எடுத்தார். அவருக்கே உரிய கேள்வியைக் கேட்டார்.

"கடைசியா எந்தப் பேரு பாத்தீங்க?"

வியாழன் காலை ஒரு தாளை என் விசைப்பலகைமேல் வைத்தார். ஒன்பது பேர் பெயர், போன் எண். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அவர்கள் பார்த்த கடைசிப் பெயர். ஒன்பதிலும் ஒரே பெயர். சின்னையா.

"அங்க லைன் கம்மி அக்கா. ஸ்லோவா வரும்" என்றேன்.

"ஒம்போது வீட்டுக்கும் சின்னையாகிட்டயே வந்துதான் ஸ்லோ ஆகுமா?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். சின்னையா நாற்பதாவது ஆள். நான்தான் பெயர்களை நாற்பது நாற்பதாக வரும்படி அமைத்திருந்தேன். ஈப்போவில் அடுத்த நாற்பது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். தோட்டத்தில் வருவதற்கு ஒரு நிமிடம், சில நேரம் வராமலே போய்விடும். வந்துகொண்டிருக்கிறது என்று காட்டுகிற வளையத்தை நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பார்க்கிறவருக்குச் சின்னையாவோடு பட்டியல் முடிந்துவிட்டது. மேலே பெயர் தேடும் பெட்டி இருந்தது. அதில் ஒருவரும் எழுதிப் பார்க்கவில்லை. இல்லாத பெயரை எழுதிப் பார்ப்பார்களா?

"நாப்பதுன்னா நம்பத்தான் செய்வாங்க தம்பி" என்றார் அக்கா. "முப்பத்தேழுல நின்னா சந்தேகம் வரும். நாப்பதுன்னா அது கவர்மெண்டு நம்பரு மாதிரியே இருக்குல்ல? முதல் கட்டம் நாப்பது வீடுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க."

நான் தாளை எடுத்துப் பெயர்களை எண்ணினேன்.

"இது போன் பண்ணுன ஒம்போது பேரு. பண்ணாதவங்க எத்தன பேரு?" என்றார். பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கி, "உங்கப்பா கடைசியா எந்தப் பேரு பாத்தாரு?"

அப்பா பாத்துட்டாரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்ன பார்த்தார் என்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யார் உறுதி செய்திருக்கிறார்கள் என்ற பக்கத்தைத் திறந்தேன். அப்பாவின் பெயருக்கு எதிரில் காலியாக இருந்தது. படிக்கட்டில் போய் நின்று போன் செய்தேன்.

"அப்பா, நம்ம பேரு பாத்தீங்களா?"

"பேரு வரலப்பா. பரவால்ல. எல்லாருக்கும் ஒரே நேரத்துல எப்படிக் குடுப்பாங்க?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ செஞ்ச ஆப்பு. அதுல பேரு இல்லன்னு உங்கிட்டயே வந்து சொல்லுவாங்களா? நீ எனக்காக ஏதாச்சும் பண்ணப் போயி, உன் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "சின்னையாவ போயி பாத்துட்டு வந்தேன். கடைசி ஆளா தப்பிச்சிட்டடான்னு கையக் குடுத்துட்டு வந்தேன். அங்க ஒரே கூட்டம்."

தப்பு என்னுடையது, உங்கள் பெயர் இருக்கிறது என்று சொன்னேன். அப்பா நம்பவில்லை. நான் அவரை ஆறுதல்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

முதலாளி குழுத் தலைவரைக் கூப்பிட்டு இன்னும் ஒரு வாரம் கேட்டார். நாள் குறித்தது வீடு கட்டுகிற நிறுவனம், தன் கையில் இல்லை என்றார் தலைவர். வெள்ளி ஐந்து மணி, வெள்ளி ஐந்து மணிதான். போனை வைத்த முதலாளி என்னைப் பார்த்து, "பக்கமாவே போட்டுத் தொலை லா" என்றார்.

எப்படிப் பக்கம் பிரிப்பது? பதிந்த எண் யாருக்கும் நினைவிருக்காது. அக்காவின் தாளை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. 'அஞ்சாம் லயம், மொத வீடு.' 'ஒம்பதாம் லயம், நாலாம் கதவு.' இதையெல்லாம் ஏன் கேட்டீர்கள் என்றேன். "நான் எங்க கேட்டேன்? போன எடுத்ததும் அவங்களே சொல்றாங்க."

லயத்துக்குப் பத்துக் கதவு, பதினான்கு லயம். எந்த லயத்தில் எத்தனையாவது கதவு என்று தெரியாதவர் தோட்டத்தில் ஒருவரும் கிடையாது. இந்தப் பக்கத்து வீட்டுக்காரன் பெயருக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் பெயருக்கும் நடுவில் தன் பெயரைத் தேடுகிறவர்கள் அவர்கள். நானும் அங்கே வளர்ந்தவன்தான். பட்டம் வாங்கியபிறகு இது எனக்குத் தோன்றாமல் போனது. அன்று மாலைக்குள் பட்டியலை மாற்றிவிட்டேன். ஒரு லயத்துக்கு ஒரு பக்கம். மேலே 'லயம் 3, மொத்தம் 14' என்று பெரிய எழுத்து. பத்துக் கதவு, பத்துப் பெயர். பத்துப் பெயர் எந்த லைனிலும் வந்துவிடும். அடியில் ஒரு வரி போடச்சொல்லி அக்கா என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். 'இந்த லயம் முடிந்தது.' அதைப் போட்டபிறகுதான் நகர்ந்தார்.

வெள்ளிக் காலை பார்த்தபோது அறுபத்தொரு பேர் இன்னும் உறுதி செய்யவில்லை. அக்கா அந்தப் பட்டியலை அச்சிட்டு, பத்துப் பத்தாகக் கோடு போட்டார். ஒரு பத்து முடிந்தால் ஒரு வாய் கோப்பி. அதற்குமுன் கோப்பையைத் தொடவில்லை. நானும் முதலாளியும் ஆளுக்கு ஒரு பத்து எடுத்துக்கொண்டோம். பல் வீக்கத்தோடு வந்த லியோங் பேச முடியாமல் திரையைப் பார்த்து, உறுதியானவர்களைக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து பாய் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். நாங்கள் போனை விட்டு நிமிராததால், கீழே போய் நாலு கோப்பை தே தாரிக் டீ கொடுத்தனுப்பினார்.

நாலு மணிக்கு ஒன்றுதான் பாக்கி. அது என் அப்பா. அன்று அவருக்குக் காலை ஷிப்டு. கிடங்கில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று மணிக்கு வேலை முடிந்திருக்கவேண்டும். அடிக்க அடிக்க எடுக்கவில்லை. நாலு இருபது, நாலு முப்பது. அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். நாலு முப்பத்தெட்டுக்கு அப்பா எடுத்தார். அக்கா அதை மேசையில் வைத்து எல்லாரும் கேட்கும்படி போட்டார்.

"அண்ணே, நான் தம்பி ஆபீசுலேருந்து பேசுறேன். ஆப்ப தொறங்க."

"அவன் சொன்னான்மா. எதுக்கு வீணா…"

"தொறங்க அண்ணே. நீங்க எந்த லயம்?"

"மூணு. ஏழாம் கதவு."

"மூணாம் லயத்த அமுத்துங்க. ஆறாம் கதவு யாரு?"

"முனியம்மா. ஆமா, முனியம்மா இருக்கு." மூச்சு சத்தம் கேட்டது. "எட்டு, ராமன்."

"நடுவுல?"

நான் போன்மேல் குனிந்தேன்.

"என் பேரு" என்றார் அப்பா.

"பக்கத்துல பச்சையா இருக்கறத அமுத்துங்க."

"அமுத்திட்டேன்."

லியோங் வீங்கிய கன்னத்தோடு ஊ என்று ஒரு சத்தம் போட்டு, தாளில் கடைசிக் கோட்டை இழுத்தான். முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அடியில என்ன போட்டிருக்கு அண்ணே?"

"இந்த லயம் முடிந்ததுன்னு இருக்கும்மா."

"அவ்வளவுதான். வீடு உங்களுக்குத்தான். போன வைங்க" என்றார் அக்கா. கோப்பியை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். முகம் சுளிக்கவில்லை.

அப்பா உடனே வைக்கவில்லை. "இரும்மா. தம்பி இருக்கானா பக்கத்துல?" என்றார். நான் பேசினேன். அவர் குரலில் சிரிப்பும் கூச்சமும் கலந்திருந்தது. வேலை முடிந்தபிறகும் போன் எடுக்காததற்குக் காரணம் சொன்னார். லயத்தைக் காலி செய்யவேண்டி வரும் என்று மறுநாள் சனிக்கிழமைக்கு ஒரு லோரி பேசியிருந்தாராம். தைப்பிங்கில் அத்தை வீட்டுக்குச் சாமான்களைக் கொண்டுபோக. வேலை முடிந்ததும் அலமாரியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போன் மெத்தைக்கு அடியில் அடித்திருக்கிறது.

"லோரிக்காரனுக்கு வேணாம்னு சொல்லிருங்கப்பா."

"சொல்லலாம். முன்பணம் குடுத்துட்டேனே. அத திருப்பித் தரமாட்டான் லா."

"எவ்வளவுப்பா?"

"நூத்தம்பது வெள்ளி."